உதகை விடுதியின் கீசர் டைமர் போர்டு: நான்கு ரிலேக்களை மாற்றிய பதிவு

உதகையில் ஒரு சிறிய தங்கும் விடுதி. 25 லிட்டர், 2 கிலோவாட் கீசர்கள் மூன்று. மேல்தொட்டிக்கு நீரேற்றும் 1 எச்பி மோட்டார் ஒன்று; அது கான்டாக்டர் எனும் பெரிய மின்காந்த சுவிட்ச் வழியாக ஓடுகிறது. இந்த நான்கையும் ஒரே டைமர் போர்டு இயக்குகிறது. போர்டில் இருப்பவை நான்கு நீல நிற சுகர் க்யூப் (சர்க்கரைக் கட்டி வடிவ) ரிலேக்கள், அதாவது காயிலின் காந்தத்தால் முனைகளைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சுகள்: 24 வோல்ட் காயில், மேலே "10 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி" என்ற அச்சு. பெட்டி குளியலறைக்குப் பின்னால், வெளிச்சுவரில், கூரைச் சரிவுக்குக் கீழே. மேகம் இறங்கினால் நேராக அதன் மேல்தான் வந்து படியும்.

புகார்கள் நான்கு. முதல் கீசர் அணையவே இல்லை. இரண்டாவதின் அருகே கருகிய வாடை. மூன்றாவது சேனல் குளிர்காலத்தில் காலை 6 மணி வாக்கில் "டர்ர்ர்" என்று உறுமுகிறது, 9 மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. மோட்டார் சில நாள் ஓடுவதில்லை, பெட்டியைத் தட்டினால் ஓடுகிறது. இவை போக ஐந்தாவதாக ஒன்று, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது: தொட்டியில் தொங்கும் மிதவை சுவிட்சின் ஒயரைத் தொட்டால் சுரீர் என்கிறது.

இதற்கு முன் இரண்டு முறை அதே அளவு, அதே நம்பர் ரிலேக்களை வாங்கி மாற்றியிருக்கிறார்கள். இரண்டு முறையும் ஒரு மழைக்காலத்தைக்கூட அவை தாண்டவில்லை. ரிலே செத்தது உண்மை. ஆனால் அதைச் சாகடித்தது வேறு இடத்தில் இருந்தது.

மின்சாரத்தை நிறுத்திய பிறகும் போர்டில் கை வைக்க வேண்டாம்

பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பவர் சப்ளை. இந்தப் போர்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. 1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டர் (மெயின்ஸில் நேராக வைக்கத் தகுந்த வகை) ஒன்றை மெயின்ஸுடன், அதாவது 230 வோல்ட் இணைப்புடன், தொடராக வைத்து, பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு) போட்டு, 24 வோல்ட்டுக்குக் கீழிறக்கியிருக்கிறார்கள். மலிவான டைமர்களில் இதுதான் வழக்கம். இந்த அமைப்பில் போர்டின் 'கிரவுண்டு' உட்பட ஒவ்வொரு புள்ளியும் மெயின்ஸோடு நேராக இணைந்தது. பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் 5 வோல்ட் பகுதியே பூமிக்கு 230 வோல்ட் உயரத்தில் நிற்கும். மிதவை சுவிட்ச் அந்த 5 வோல்ட் பகுதியிலிருந்துதான் போகிறது. சுரீர் என்றதற்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

எம்சிபியை இறக்கி, டெஸ்டரை மட்டும் நம்பாமல் மீட்டரில் பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பார்த்து, எக்ஸ்2 கெபாசிட்டரின் இரு முனைகளையும் 10 கிலோஓம் 2 வாட் ரெசிஸ்டரால் சில விநாடிகள் இணைத்து மின்னேற்றத்தை இறக்கிய பிறகே வேலை.

உறுமலின் கணக்கு

எக்ஸ்2 கெபாசிட்டரைக் கழற்றி அளந்தால் 1 மைக்ரோஃபாரட்டுக்குப் பதில் 0.62 காட்டியது. உள்ளே இருப்பது பிளாஸ்டிக் படலத்தின் மேல் பூசிய மிக மெல்லிய உலோகப் படிவு. ஈரம் நுழைந்து, மேலே எப்போதும் ஏசி நின்றுகொண்டிருந்தால் அந்தப் படிவு ஓரங்களிலிருந்து அரித்துக்கொண்டே வரும். வெளியே வீக்கமோ கருகலோ தெரியாது, மதிப்பு மட்டும் குறையும். மலையில் இந்தப் பழுது மிகச் சாதாரணம். ரிலே மேல் பழி போடும் முன் இதை அளந்துவிடுவது நல்லது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்த வகை சப்ளை கொடுக்கக்கூடிய சராசரி மின்னோட்டம் ஏறக்குறைய 4 × 50 × (உச்ச வோல்டேஜ் − 25) × கெபாசிட்டர் மதிப்பு. புதிதாக இருந்து மெயின்ஸ் 230 இருந்தால் 60 மில்லி ஆம்பியர் வரும். நான்கு ரிலேக்களுக்கு மட்டும் தலா 15 வீதம் 60 தேவை, கட்டுப்பாட்டுப் பகுதிக்கு இன்னும் 5. ஆக, வாங்கிய நாளிலேயே கைக்கும் வாய்க்குமாகத்தான் ஓடியிருக்கிறது. இப்போது 0.62 மைக்ரோஃபாரட். விடுதியில் காலை 6 மணிக்கு எல்லாக் கீசரும் ஓடும்போது பெட்டியில் அளந்த மெயின்ஸ் 195 வோல்ட். இவற்றைப் போட்டால் கிடைப்பது 31 மில்லி ஆம்பியர். மூன்று ரிலே சேர்ந்தவுடன் 24 வோல்ட் லைன் 14 வோல்ட்டுக்குப் படுத்துவிடுகிறது. அதோடு 220 மைக்ரோஃபாரட் வடிகட்டும் எலக்ட்ரோலிட்டிக்கும் காய்ந்து 70-க்கு வந்திருந்தது. அதனால் அந்த 14 வோல்ட்டின் மேல் விநாடிக்கு 100 தடவை சுமார் 4 வோல்ட் ஏறி இறங்குகிறது.

சுகர் க்யூப் ரிலேக்கு டேட்டாஷீட் உறுதி சொல்லும் இழுக்கும் வோல்டேஜ் காயில் மதிப்பில் 75 சதவீதம், அதாவது 18 வோல்ட். நடைமுறையில் 13 முதல் 15-க்குள் இழுத்துவிடும். மூன்றாவது ரிலே அந்த எல்லைக் கோட்டிலேயே நின்று இழுப்பதும் விடுவதுமாக இருந்திருக்கிறது. அதுதான் உறுமல். 9 மணிக்கு மற்றக் கீசர்களின் நேரம் முடிந்து மெயின்ஸும் ஏறிவிடுவதால் அடங்கிவிடுகிறது. ஒரு ரிலே முழுதாக இழுக்காமல் 7 ஆம்பியருக்கு மேல் தொட்டுத் தொட்டு விடும்போது ஒவ்வொரு தொடுதலிலும் பொறி பறக்கிறது. மற்ற ரிலேக்களின் முனைகள் கெட்டதிலும் இதற்குப் பங்கு உண்டு. ஒவ்வொரு காலையும் ஏதாவது ஒரு ரிலே கடைசியாகச் சேர்ந்து இந்தத் துன்பத்தை அனுபவித்திருக்கிறது.

காயில், கான்டாக்ட்: மேசையில் அளந்தவை

நான்கு ரிலேக்களையும் கழற்றினோம். 60 வாட் அயர்ன். பின்களில் முதலில் புது 60/40 ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்து உருக்கிவிட்டுப் பிறகு பம்பால் உறிஞ்ச வேண்டும். பழைய ஈயம் ஆக்சைடு ஏறிக் கட்டியாக இருக்கும்; புது ஈயமும் ஃபிளக்ஸும் சேர்ந்தால்தான் அது இளகிக் கலையும். காமன் பின் (கான்டாக்டின் பொதுக் கால்) அகலமான ட்ராக்கில் இருப்பதால் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அங்கே அவசரப்பட்டு நெம்பினால் பேட் உரிந்து வந்துவிடும்.

காயிலின் ஓம் மதிப்பு டேட்டாஷீட்டில் 1,600. மீட்டர் காட்டியது 1,520. காயில் ஷார்ட் ஆகிவிட்டதென்று இதைத் தூக்கிப்போட வேண்டாம். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் மாறும். அறை 8 டிகிரியில் இருந்தது, டேட்டாஷீட் 20 டிகிரிக்குச் சொல்கிறது. 12 டிகிரி குறைவுக்கு 4.7 சதவீதம், கணக்கு நேராகப் பொருந்துகிறது. குளிரில் காயில் எளிதாக இழுக்கும் என்பதும் இதனாலேயே. கோடையில் சமவெளியில் பெட்டிக்குள் 60 டிகிரி ஏறும் போர்டுக்குத்தான் இழுக்கும் வோல்டேஜ் கவலை அதிகம்.

கான்டாக்டை, அதாவது தொட்டுப் பிரியும் முனைகளை, அளக்க மல்டிமீட்டரின் ஓம் வரம்பு உதவாது; டெஸ்ட் ஒயரின் மின்தடையே அதைவிடப் பெரிது. வாகன இண்டிகேட்டரின் 12 வோல்ட் 21 வாட் பல்பைக் கான்டாக்ட் வழியாக 12 வோல்ட் பேட்டரியில் எரியவிட்டு, ரிலே பின்களின் மேல் நேராக மில்லிவோல்ட் பார்க்க வேண்டும். பல்பு 1.75 ஆம்பியர் எடுக்கும். நல்ல ரிலே 15 முதல் 30 மில்லிவோல்ட் காட்டும். டேட்டாஷீட் உச்சமான 100 மில்லிஓம் என்றால் 175 மில்லிவோல்ட். இரண்டாவது கீசரின் ரிலே 400 காட்டியது, அதாவது 230 மில்லிஓம். அதில் 8.7 ஆம்பியர் போனால் ஒரு கட்டைவிரல் நகம் அளவு பெட்டிக்குள் 17 வாட் வெப்பம். சால்டரிங் அயர்ன் நுனியை உள்ளே வைத்து மூடியதற்குச் சமம். கருகிய வாடைக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

வெட்டிப் பார்த்ததில்

ரம்பப் பிளேடால் மூடியின் அடிவிளிம்பைச் சுற்றி அறுத்தால் மூடி கழன்று வரும். ரிலேயைத் தூக்கி எறியும் முன் இதைச் செய்து பார்ப்பது ஒரு நல்ல பழக்கம். எதனால் செத்தது என்பதை அது அங்கேயே எழுதி வைத்திருக்கும்.

முதல் கீசரின் ரிலேயில் இரு முனைகளும் ஒட்டியிருந்தன. கத்தி நுனியால் தட்டிப் பிரித்தால் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் அதே அளவுக்கு மேடு. டிசி லோடில் இப்படி உலோகம் ஒரு திசையில் நகர்வது வழக்கம். ஏசியில் இரு பக்கமும் சமமாகத் தேய வேண்டும். இங்கே ஏன் குழியும் மேடும்? டைமரின் கடிகாரம் மெயின்ஸின் 50 ஹெர்ட்ஸை எண்ணி ஓடுகிறது. ரிலேக்குப் போகும் கட்டளையும் எப்போதும் அலையின் அதே புள்ளியில் புறப்படுகிறது. ரிலே எடுத்துக்கொள்ளும் நேரமும் ஏறக்குறைய மாறாதது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே திசையில், ஒரே உயரத்தில் பொறி விழுகிறது. ஏசி லோடு டிசி போல நடந்துகொள்கிறது. மெயின்ஸ் அலையோடு ஒத்து இயங்கும் எந்தக் கன்ட்ரோலருக்கும் இந்த ஆபத்து உண்டு.

மோட்டார் சேனலின் ரிலே வேறு கதை. அது சுமப்பது கான்டாக்டர் காயில் மட்டும்: இழுக்கும் கணத்தில் 70 விஏ, பிடித்த பிறகு 8 விஏ அளவு, அதாவது 35 மில்லி ஆம்பியர். 10 ஆம்பியர் ரிலேக்கு இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். முனைகள் கரிபிடித்துக் கிடந்தன, ஸ்பிரிங் தகட்டில் நீலப்பச்சைப் பொருக்கு. கான்டாக்டர் காயில் பெரிய இண்டக்டர். அணைக்கும்போது அதில் தேங்கிய ஆற்றல் சிறிய பொறியாக, ஆனால் நீண்ட நேரம் எரிகிறது. காற்றில் பொறி எரிந்தால் நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகும். அதனுடன் ஈரம் சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். நன்றாக மூடிய சிறு பெட்டிக்குள், வெளியேற வழியில்லாமல், அது செம்புக் கலவைத் தகட்டைத் தின்றதுதான் அந்தப் பொருக்கு. வறண்ட ஊரில் பல ஆண்டு தாங்கும் ரிலே, மேகம் படியும் ஊரில் இதனாலேயே சீக்கிரம் போகிறது.

போர்டின் பக்கம்

ரிலேக்கு அடியில் பச்சைப் பூச்சின் மேல் மாவு போல வெள்ளை. காமன் பேட்டைச் சுற்றிப் பழுப்பு. சுகர் க்யூப் ரிலேயின் கால்களை ஒரு கணம் பாருங்கள்: இரண்டு காயில் பின்களுக்கு நடுவில் காமன் பின் உட்கார்ந்திருக்கிறது. காயில் பின்களுக்கு இடையே 12 மில்லிமீட்டர். பேட்களின் அகலத்தைக் கழித்தால் 230 வோல்ட் நிற்கும் காமனுக்கும் காயிலுக்கும் இடையே போர்டின் மேற்பரப்பில் மிஞ்சுவது 4 மில்லிமீட்டர் அளவே.

இது போதுமா? மின்காப்புத் தூரங்களுக்கான ஐஇசி 60664-1 தரநிலை இரண்டு தூரங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒன்று காற்றிடைத் தூரம், மற்றது பரப்பின் மேல் ஊர்ந்து போகும் தூரம். காற்றிடைத் தூரத்தின் அட்டவணை கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் வரைக்கும். அதற்கு மேல் பெருக்கிக்கொள்ள வேண்டும், 3,000 மீட்டருக்கு 1.14 மடங்கு. உதகை 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,133 மீட்டர். இடைப்பட்ட கணக்கில் உதகைக்கு 3 சதவீதம் கூடுதல்: 5.5 மில்லிமீட்டர் கேட்கும் இடத்தில் 5.7. இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். பரப்புத் தூரத்துக்கோ உயரத்தோடு உறவில்லை, அழுக்கோடும் ஈரத்தோடும்தான் உறவு. சாதாரண போர்டில் 250 வோல்ட்டுக்கு, உலர்ந்த வீட்டுச் சூழலான 2-ஆம் மாசுநிலையில் அடிப்படைக் காப்பு 2.5, இரட்டிப்புக் காப்பு 5 மில்லிமீட்டர். பனி வியர்க்கும் 3-ஆம் நிலையில் அவை 4, 8 ஆகின்றன. மலைக்கென்று போர்டு தேர்ந்தெடுப்பவர் பார்க்க வேண்டிய எண் இந்த 8.

சமவெளியிலிருந்து 'ஹில் ஸ்டேஷன்' என்று கேட்பவர்கள் உயரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். போர்டுகளைக் கெடுப்பது மூடுபனி. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில். கூடலூர், தேவாலாப் பக்கம் ஆனி, ஆடியில். பழுதும் அந்தந்தக் காலத்தை ஒட்டியே வரும்.

ஐபிஏ-யும் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு கழுவி, பழுப்பேறிய பகுதியைக் கத்தியால் வெளிர் நிறம் தெரியும்வரை சுரண்டினோம். கருகிய போர்டு கரி, கரி மின்கடத்தி. பழுப்பு மிச்சமிருந்தால் மறுபடியும் அங்கேயே தொடங்கும். பிறகு தகரப் பெட்டியில் 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, 60 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்தினோம். ஹேர் ட்ரையர் மேற்பரப்பை மட்டும் சூடாக்கும், உள்ளே இறங்கிய ஈரம் அப்படியே நிற்கும். 500 வோல்ட் மெக்கரில் (காப்பு மின்தடை அளக்கும் மீட்டர்) காமன் பேட்டுக்கும் காயில் பேட்டுக்கும் இடையே கழுவும் முன் 0.8 மெகாஓம், உலர்த்திய பின் 200-க்கு மேல். மெக்கர் வைக்கும் முன் காயிலை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரின் காலைத் தூக்கிவிட வேண்டும், இல்லையெனில் அந்த 500 வோல்ட் அதன் வழியாக மைக்ரோகன்ட்ரோலருக்குப் போய்விடும்.

மாற்று ரிலே

2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். நள்ளிரவில் மெயின்ஸ் 245-க்கு ஏறினால் 9.3. சுகர் க்யூபின் மேல் 10 என்று அச்சிட்டிருந்தாலும் பல டேட்டாஷீட்கள் 240 வோல்ட் ஏசியில் 7 ஆம்பியர்தான் சொல்கின்றன. 10 என்பது 125 வோல்ட்டுக்கு. மூடிய பெட்டி, பக்கத்துப் பக்கத்தில் நான்கு என்றால் நியாயமாக 5 ஆம்பியருக்கு மேல் அதை நம்பக் கூடாது.

எடுத்துக்கொண்டது 16 ஆம்பியர் தட்டை வகை: நீளம் 29, அகலம் 12.7, உயரம் 15.7 மில்லிமீட்டர். ஓம்ரான் ஜி2ஆர்எல், ஷ்ராக் ஆர்டி, ஹாங்ஃபா எச்எஃப்115எஃப் எல்லாம் இந்த அளவுக் குடும்பம். ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் பின் அமைப்பு. இதில் காயில் பின்கள் ஒரு முனையிலும் கான்டாக்ட் பின்கள் மறு முனையிலும் இருப்பதால் நடுவில் 8 மில்லிமீட்டர் தாராளமாகக் கிடைக்கிறது. 24 வோல்ட் காயில் 1,440 ஓம், 16.7 மில்லி ஆம்பியர். வாங்கும்போது இரண்டைக் கேட்டு வாங்க வேண்டும். முதலாவது, 16 ஆம்பியர் வகையில் ஒவ்வொரு கான்டாக்டுக்கும் இரண்டு பின், மொத்தம் 8. ஐந்து பின் உள்ள 12 ஆம்பியர் வகையும் பார்க்க அப்படியே இருக்கும். இரண்டு பின்களையும் ட்ராக்கில் சேர்த்துப் பற்றவைக்காவிட்டால் 16 ஆம்பியர் கணக்கு செல்லாது. இரண்டாவது, முனையின் உலோகம். கீசர்களுக்கு வெள்ளி-டின் ஆக்சைடு: எளிதில் ஒட்டிக்கொள்ளாது, உலோக நகர்வைத் தாங்கும். மோட்டார் சேனலுக்கு வெள்ளி-நிக்கல் போதும், சிறிய மின்னோட்டத்துக்கு அதுவே நல்லது. கோவையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ "24 வோல்ட் 16 ஆம்பியர் ரிலே" என்று மட்டும் கேட்டால் எந்த உலோகம் கிடைக்கும் என்பது கடைக்காரர் கையில்; முழு பார்ட் நம்பரை எழுதிக்கொண்டு போவது பயணச் செலவை மிச்சப்படுத்தும்.

3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் 13 ஆம்பியர். அதைப் போர்டில் ஏற்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. போர்டு ரிலே ஒரு கான்டாக்டரை இழுக்கட்டும், கான்டாக்டர் கீசரை இழுக்கட்டும்.

புது ரிலேயின் கால்கள் பழைய துளைகளில் உட்காராது. 1.6 மில்லிமீட்டர் எஃப்ஆர்4 (கண்ணாடியிழைப் பலகை), 2 அவுன்ஸ் செம்புப் போர்டில் நான்கு ரிலேக்களையும் தனியாக வைத்து, பழைய போர்டிலிருந்து காயில் கட்டளைக்கு மட்டும் 6 கம்பி ரிப்பன் கொண்டுவந்தோம். 1 அவுன்ஸ் செம்பில் 9 ஆம்பியருக்கு ட்ராக் 20 டிகிரி சூட்டோடு நிற்க 4 மில்லிமீட்டர் அகலம் வேண்டும், 10 டிகிரிக்கு 6. இங்கே 2 அவுன்ஸில் 6 மில்லிமீட்டர் வைத்து, மேலே 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் படுக்கவைத்துப் பற்றவைத்தோம். வெறும் ஈயத்தைக் குவிப்பது பெரிய பலன் தராது. பற்றவைக்கும் ஈயத்தின் கடத்துதிறன் செம்பில் ஒன்பதில் ஒரு பங்கு அளவே. காயில் பக்கத்துக்கும் கான்டாக்ட் பக்கத்துக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் அகலத்தில் பிளவு அறுத்தோம். 3-ஆம் மாசுநிலையில் 1.5 மில்லிமீட்டரைவிடக் குறுகிய பிளவு கணக்கில் சேராது, ஈரம் அதைப் பாலமாக நிரப்பிவிடும்.

சப்ளையும் டிரைவரும்

நான்கு புது காயில் 67 மில்லி ஆம்பியர் கேட்கின்றன. பழைய கெபாசிட்டர் சப்ளை புதிதாக இருந்தாலும் 60 தான். ரிலேயை மட்டும் மாற்றி மூடியிருந்தால் உறுமல் மறுநாளே திரும்பியிருக்கும். எக்ஸ்2, பிரிட்ஜ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 24 வோல்ட், 125 மில்லி ஆம்பியர், மெயின்ஸிலிருந்து பிரிக்கப்பட்ட 3 வாட் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை) மாட்யூல் ஒன்று வைத்தோம். அதன் முன் 0.5 ஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ், ஃபியூஸுக்குப் பின் வோல்டேஜ் எழுச்சியை உறிஞ்சும் 14டி511 வேரிஸ்டர். 14டி431 அல்லது 471 வேண்டாம். நியூட்ரல் தளர்ந்து மெயின்ஸ் 300 தாண்டும் ஊர்களில் அவை சீக்கிரம் வெடிக்கும். இந்த மாற்றத்துக்குப் பிறகே மிதவை சுவிட்ச் ஒயர் தொடத்தக்கதாகிறது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கடிகாரத்துக்கு 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக நேராக மைக்ரோகன்ட்ரோலருக்குப் போகிறது. அதை அப்படியே விட்டால் பிரித்த பகுதி மீண்டும் மெயின்ஸோடு சேர்ந்துவிடும், கழற்றினால் கடிகாரம் நின்றுவிடும். தீர்வு: பிசி817 வகை ஆப்டோகப்ளர் (மின் இணைப்பில்லாமல் ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் சில்லு) ஒன்று, மெயின்ஸ் பக்கம் தொடராக இரண்டு 47 கிலோஓம் 1 வாட் ரெசிஸ்டர், எல்இடிக்குக் குறுக்கே தலைகீழாக 1என்4148, வெளிப்பக்கம் 10 கிலோஓம் புல்-அப். சாதாரண ஆப்டோவின் கால் இடைவெளி 7.62 மில்லிமீட்டர், பேட்களைக் கழித்தால் 8 வராது. கால்களை 10.16-க்கு விரித்த வகையை வாங்க வேண்டும்.

காயிலுக்குக் குறுக்கே இருந்த 1என்4007 டயோடு டிரான்சிஸ்டரைக் காக்கிறது, ஆனால் காயில் மின்னோட்டத்தை மெதுவாக வடியவிடுகிறது. ஆர்மேச்சர் (காயில் இழுக்கும் இரும்புத் தகடு) தயங்கித் தயங்கி விலகும், முனைகள் மெதுவாகப் பிரியும், பொறி நீளும். டயோடுடன் தொடராக 24 வோல்ட் 0.5 வாட் ஜீனரை (குறித்த வோல்டேஜில் பின்திசையிலும் கடத்தும் டயோடு) எதிர்த்திசையில் சேர்த்தால் விடுதல் சட்டென்று நடக்கும். அப்போது டிரான்சிஸ்டரின் மேல் 24 + 24 + 0.7, ஏறக்குறைய 49 வோல்ட் விழும். போர்டில் இருந்த பிசி547 தாங்குவது 45 வரை. அதே கால் வரிசையில் 65 வோல்ட் தாங்கும் பிசி546 நான்கு மாற்றினோம். தனி டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் யூஎல்என்2003 டிரைவர் சில்லு உள்ள போர்டுகளில் அதன் எல்லை 50 என்பதால் காமன் காலுக்கும் 24 வோல்ட்டுக்கும் இடையே 15 வோல்ட் ஜீனரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மோட்டார் சேனலில் ஸ்னப்பர் (பொறியை அடக்கும் சுற்று): 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2-வும் 100 ஓம் 1 வாட்டும் தொடராக. முதலில் வசதிக்காக ரிலே முனைகளுக்குக் குறுக்கே வைத்தோம். கான்டாக்டரோடு இணைந்திருந்த எல்இடி விளக்கு மோட்டார் ஓடாதபோதும் மங்கலாக எரிந்தது. 0.1 மைக்ரோஃபாரட் 230 வோல்ட்டில் 7.2 மில்லி ஆம்பியர் கசியவிடும், எல்இடிக்கு அது போதும். கான்டாக்டரின் ஏ1, ஏ2 முனைகளுக்குக் குறுக்கே மாற்றியதும் கசிவு நின்றது. ஆற்றல் பிறக்கும் இடத்திலேயே அடங்குவதால் அதுவே சரியான இடமும்கூட.

பூச்சு, பெட்டி

ரிலேயின் மேல் உள்ள ஆர்டி எண் அது எவ்வளவு அடைக்கப்பட்டது என்பதைச் சொல்லும். ஆர்டி II என்று குறித்த ரிலே ஃபிளக்ஸ் புகாதது, அவ்வளவுதான். கழுவினாலோ மேலிருந்து ஸ்ப்ரே அடித்தாலோ திரவம் உள்ளே போகும். ஆர்டி III கழுவலாம். பல மாடல்களில் மூடி மேல் ஒரு சிறு குமிழ் இருக்கும். பூச்சு முடிந்து காய்ந்த பிறகு அந்தக் குமிழை வெட்டித் திறந்தோம், அமில வாயு வெளியேற. அக்ரிலிக் பூச்சைப் பற்றவைப்புப் பக்கம் மட்டும் பிரஷால் இரண்டு முறை, அரை மணி நேர இடைவெளியில்.

சிலிகான் சீலன்ட் இந்தப் பெட்டிக்குள்ளும் அருகிலும் கூடவே கூடாது. எல்லோர் கையும் முதலில் அதற்குத்தான் போகிறது. அதன் ஆவி ரிலேக்குள் போய், பொறியில் எரிந்து, முனைகளின் மேல் மணல் போன்ற சிலிக்காவாகப் படியும், அது மின்கடத்தாது. காடி வாடை வரும் வகை செம்பையும் அரிக்கும். ரப்பர் கேஸ்கெட் வைத்த பெட்டியும், அடிப்பக்கம் மட்டும் கேபிள் கிளாண்டும், கிளாண்டுக்கு முன் கேபிளில் ஒரு தொங்கல் வளைவும் போதும். அடியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று, வியர்த்த நீர் சொட்ட. முழுதாக அடைத்த பெட்டியும் மூச்சு விடும்: காலையில் கீசர் ஓடிச் சூடாகி, பிறகு குளிரும்போது ஏதாவது இடுக்கு வழியாக ஈரக் காற்றை இழுத்துக்கொள்ளும், வெளியேற்றத் தெரியாது.

சிலிக்கா ஜெல் இங்கே சில வாரங்களில் நிறைந்துவிடும். அதற்குப் பதில் 22 கிலோஓம் 2 வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக மெயின்ஸில் எப்போதும் இணைத்துப் போர்டுக்கு அடியில் வைத்தோம். 1.2 வாட் வெப்பம். 15 × 10 × 7 சென்டிமீட்டர் பெட்டியில் 3 டிகிரி கூடும். வெளியே 8 டிகிரியில் ஈரப்பதம் 100 சதவீதமாக இருந்தால் உள்ளே அது 82 ஆகிறது. வியர்வை கட்டாது. மாதத்துக்கு ஒரு யூனிட்டைக்கூட இது தொடாது.

ஓட்டிப் பார்த்தது

வேரியாக்கில் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மெயின்ஸை 170-க்கு இறக்கி நான்கு ரிலேக்களையும் ஒன்றாக இழுக்கவைத்தோம். 24 வோல்ட் அசையவில்லை. மூன்று கீசரின் தொடக்க நேரத்தையும் 2 நிமிடம் தள்ளித் தள்ளி அமைத்தோம். ஒரு மணி நேரம் முழு லோடு, வெளியே 14 டிகிரி: ரிலே மூடி 41, டெர்மினல் 52. டெர்மினல் ரிலேயைவிடச் சூடாக இருந்ததால் நிறுத்திப் பார்த்தோம், 2.5 சதுர மில்லிமீட்டர் இழைக் கம்பி லக் (கம்பி நுனிக்கான உலோக முனை) இல்லாமல் திருகப்பட்டிருந்தது. லக் அடித்து மறுபடி இறுக்கியதும் 43-க்கு வந்தது.

முழு லோடில் ஒவ்வொரு ரிலேயின் காமனுக்கும் என்ஓ-வுக்கும் (ரிலே இழுக்கும்போது காமனோடு சேரும் கால்) இடையே ஏசி மில்லிவோல்ட் எடுத்து, தேதியோடு மூடியின் உட்புறம் மார்க்கரில் எழுதினோம்: 96, 88, 104. மோட்டார் சேனலுக்கு இந்த அளவு பயனில்லை, அங்கே 50 முறை போட்டு அணைத்து எண்ணினோம். வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்தில் இதே அளவை மீண்டும் எடுக்க வேண்டும். 300 தாண்டிய ரிலேயை, அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், அன்றே மாற்றிவிடுங்கள்.